உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே அரை மில்லி விநாடி: காரணமும் ஒளிவேகமும்

‘ஒளியை மிஞ்சியது’ என்ற தலைப்புச் செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. 2000-இல் சீசிய ஆவிக்குள் செலுத்தப்பட்ட ஒளித்துடிப்பைப் பற்றி வந்தது. 2011-இல் நியூட்ரினோக்கள் என்ற, எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்களைப் பற்றி வந்தது. 2022-இல் குவாண்டம் பிணைப்புக்கு (தொலைவிலுள்ள இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும் நிலைக்கு) நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது மூன்றாவது முறையும் வந்தது. செய்தியின் இரண்டாம் பத்தியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘இது உண்மையானால் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும்.’ ஏன் அப்படி ஆக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒலியைவிட வேகமாக விமானம் பறக்கிறது. அதனால் எந்தக் காரணமும் தலைகீழாகவில்லை. ஒளியை மிஞ்சினால் மட்டும் என்ன கெட்டுவிடும்?

இந்தக் கேள்வியை நீலகிரியிலும் பழனி மலையிலும் வைத்துப் பார்ப்பது எளிது. இரண்டு மலைகளிலும் வானத்தைக் கவனிக்கும் நிலையங்கள் உள்ளன. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் கணக்குப் போட வசதியாக அமைந்திருக்கிறது.

பெயரில் இருக்கும் குழப்பம்

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். இதில் பிழை வரம்பு கிடையாது. 1983 முதல் மீட்டர் என்ற அளவே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. எனவே இன்று ஓர் ஆய்வகம் ‘ஒளிவேகத்தை அளந்தேன்’ என்றால், உண்மையில் அது தன் மீட்டரைத்தான் சரிபார்த்திருக்கிறது.

அந்த எண்ணை அடைய மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1676-இல் ரோமர், வியாழனின் துணைக்கோளான அயோ மறைந்து வெளிப்படும் நேரம் ஆண்டின் ஒரு பகுதியில் முந்தியும் மறுபகுதியில் பிந்தியும் வருவதைக் கண்டு, ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்றார். 1849-இல் ஃபிசோ, சுழலும் பல்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளியை அனுப்பி, எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைத்து, பூமியிலேயே அந்த வேகத்தை அளந்தார். ஆனால் திருப்பம் 1860-களில் வந்தது. மேக்ஸ்வெல் மின்சாரத்துக்கும் காந்தத்துக்குமான சமன்பாடுகளை எழுதியபோது, ஒளியைப் பற்றிய எந்த அளவையும் அவற்றில் புகுத்தாமலேயே, அதே வேகம் தானாக வெளிப்பட்டது.

அந்த வேகம் ஒளியின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு அது முதல் அறிகுறி. வலுவான சான்று 2017 ஆகஸ்ட் 17 அன்று கிடைத்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்விலிருந்து புறப்பட்ட ஈர்ப்பலைகளும் காமா கதிர்களும், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகள் பயணம் செய்து, 1.7 விநாடி இடைவெளியில் பூமியை அடைந்தன. ஈர்ப்பலையும் ஒளியும் வெவ்வேறு வகை அலைகள் என்றாலும் இரண்டும் ஒரே வேகத்தில் போகின்றன. நிறையற்ற எதுவும் வெற்றிடத்தில் அந்த வேகத்தில்தான் போகும். நாம் முதலில் அளந்தது ஒளியை என்பதால் ‘ஒளிவேகம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ‘காரணத்தின் வேகம்’ என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பானையும் இயற்பியலும்

காரணம், காரியம் ஆகிய சொற்கள் தமிழில் பழையவை. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் பிரித்துச் சொல்லும். இயற்பியல் இந்த வகைப்பாட்டுக்குள் போவதில்லை. அது கேட்பது மிகக் குறுகலான ஒரு கேள்வி: இங்கே நடந்ததன் தாக்கம், அங்கே அது நடப்பதற்குள் போய்ச்சேர நேரம் இருந்ததா? நேரம் இருந்தால் இது அதற்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நேரம் இல்லையென்றால் காரணமாக இருக்கவே முடியாது.

இதற்குத் தேவையான கலைச்சொல் ஒன்றுதான்: நிகழ்வு. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நொடியில் நடப்பது நிகழ்வு. தொட்டபெட்டாவில் ஒரு மின்னல் விழுவது ஒரு நிகழ்வு. கொடைக்கானல் வானாய்வகத்தில் ஒரு மின்விளக்கு அணைவது இன்னொரு நிகழ்வு.

உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறுவது ஒரு பகல் பயணம். காகம் பறக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் 150 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கணக்கு எளிதாக இருக்க 150 என்றே கொள்வோம். ஒளி அதைக் கடக்க 0.5 மில்லி விநாடி, அதாவது இரண்டாயிரத்தில் ஒரு விநாடி, ஆகும். இப்போது உதகை மின்னலுக்கும் கொடைக்கானல் விளக்குக்கும் உள்ள உறவு மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்:

1. மின்னலுக்குப் பின் 0.5 மில்லி விநாடிக்கு மேல் கழித்து விளக்கு அணைந்தது. மின்கம்பி வழியாகவோ வேறு வழியாகவோ மின்னல் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.
2. சரியாக 0.5 மில்லி விநாடியில் அணைந்தது. வெற்றிட வேகத்தில் போகும் ஒளி, ரேடியோ அலை, ஈர்ப்பலை போன்றவை மட்டுமே தொடர்பு ஏற்படுத்தியிருக்க முடியும்.
3. 0.5 மில்லி விநாடிக்குள்ளேயே அணைந்தது. இரண்டில் எதுவும் மற்றதற்குக் காரணம் அல்ல. இரண்டுக்கும் பொதுவான வேறொரு காரணம் முன்பே இருந்திருக்கலாம்; அவ்வளவுதான்.

ஒரு நிகழ்விலிருந்து எதிர்காலத்தில் எட்டக்கூடிய நிகழ்வுகள் அனைத்தையும் வரைந்தால், அது கூம்பு வடிவில் விரியும். அதற்கு ஒளிக்கூம்பு என்று பெயர். முதல் வகை கூம்பின் உள்ளே, இரண்டாவது அதன் விளிம்பில், மூன்றாவது வெளியே.

கூம்பின் வெளியே இருப்பது என்றால் என்ன என்பதைக் கொடைக்கானலில் தினமும் பார்க்கலாம். 1899-இல் தொடங்கப்பட்ட அந்த வானாய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத் திசையில் வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் கண்டறிந்ததும் அங்கேதான். காலை 9 மணிக்கு அங்கே பதிவாகும் சூரியன், ஏறத்தாழ 8 மணி 51 நிமிடம் 40 விநாடிக்கு இருந்த சூரியன். அதற்குப் பின், 9 மணிக்குள் சூரியனில் என்ன நடந்திருந்தாலும், அந்தப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற அதனால் முடியாது.

‘இப்போது’ என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது வேகவரம்பு உள்ள எந்த உலகத்துக்கும் பொருந்தும். ஐன்ஸ்டைன் 1905-இல் சேர்த்தது இதைவிட விசித்திரமானது. மைக்கேல்சனும் மார்லியும் 1887-இல் செய்த சோதனையில், பூமி எந்தத் திசையில் ஓடினாலும் ஒளியின் வேகம் மாறவில்லை. ஐன்ஸ்டைன் இதைப் புதிராகப் பார்க்காமல் அடிப்படை விதியாக எடுத்துக்கொண்டார்: சீரான வேகத்தில் செல்லும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே.

இதன் விலை என்னவென்றால், தொலைவிலுள்ள இரண்டு நிகழ்வுகள் ‘ஒரே நேரத்தில்’ நடந்தனவா என்பதில் இருவர் உடன்பட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மூன்றாம் வகை நிகழ்வுகளில், உதகை மின்னல் முந்தியது என்று ஒருவரும் கொடைக்கானல் விளக்கு முந்தியது என்று வேகமாகச் செல்லும் இன்னொருவரும் சொல்லலாம். இருவர் சொல்வதும் சரி. கேட்கும்போது ஆபத்தாகத் தோன்றும் இது ஆபத்தற்றது. ஏனெனில் எவற்றின் முன்பின் வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறதோ, அவை ஒன்றுக்கொன்று காரணமாக இருக்கவே முடியாத நிகழ்வுகள். காரணமாக இருக்கக்கூடிய முதல் இரண்டு வகைகளில் வரிசை எவருக்கும் மாறாது. வரிசை குலையும் எல்லையும் காரணம் எட்டாத எல்லையும் ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. சார்பியலின் அழகு முழுவதும் இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. ஒளியை மிஞ்சும் செய்தி ஒன்று இந்தக் கோட்டைத்தான் உடைக்கும்.

ஐந்து மடங்கு வேகத்தில் ஒரு செய்தி

உதகையில் ஒரு கருவி இருக்கிறது, அது ஒளியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் செய்தி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வருமாறு:

1. உதகைக் கடிகாரம் பூச்சியம் காட்டும்போது செய்தி புறப்படுகிறது. கொடைக்கானலை 0.1 மில்லி விநாடியில் அடைகிறது. உதகைக்காரருக்கு இதில் எந்தச் சிக்கலும் தெரியாது.
2. உதகையிலிருந்து கொடைக்கானல் திசையில், ஒளிவேகத்தில் 60 விழுக்காடு வேகத்தில், இரண்டு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. செய்தி புறப்படும் நொடியில் பின்னது உதகையைக் கடக்கிறது. செய்தி வந்துசேரும் நொடியில் முன்னது கொடைக்கானலைக் கடக்கிறது.
3. கலங்களின் கடிகாரத்தில் செய்தி சேர்ந்த நேரம் என்ன? சார்பியல் விதிப்படி, ஒளி அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கலத்தின் வேக விகிதத்தால் பெருக்கினால் (0.5 × 0.6) 0.3. இதை 0.1-லிருந்து கழித்தால் −0.2. இந்த வேகத்துக்குரிய காரணி 1.25-ஆல் பெருக்கினால் −0.25 மில்லி விநாடி. அதாவது கலத்தில் இருப்பவர்களுக்கு, செய்தி புறப்படுவதற்குக் கால் மில்லி விநாடி முன்பே கொடைக்கானலில் அது வந்துசேர்ந்துவிட்டது.
4. முன்னே செல்லும் கலத்திலும் அதே போன்ற கருவி உண்டு. விதிகள் எல்லோருக்கும் ஒன்று என்பதால், அது கலத்தைப் பொறுத்து ஐந்து மடங்கு வேகத்தில் பதில் அனுப்பும். அந்தப் பதில் உதகையை அடையும் நேரத்தை உதகைக் கடிகாரத்துக்கு மாற்றினால், கிடைப்பது −0.13 மில்லி விநாடி.

கேள்வி புறப்படுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. 0.13 மில்லி விநாடி ஓர் இமைப்பொழுதுகூட இல்லையே என்று தள்ளிவிட முடியாது. தூரத்தைக் கூட்டினால் அது மணியாகும், நாளாகும். பதில் வந்ததைப் பார்த்துவிட்டு, கேள்வியை அனுப்பாமல் இருக்க உதகைக்காரர் முடிவு செய்தால்? அனுப்பாத கேள்விக்கு வந்த பதில் எங்கிருந்து வந்தது? செய்தித்தாள்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் ‘தலைகீழ்’ என்பது இதுதான்.

ஒலியை மிஞ்சும் விமானத்தில் இந்த விபரீதம் ஏன் இல்லை என்பதும் இங்கே தெளிவாகும். மேலுள்ள கணக்கில் ஒலியின் வேகம் எங்கும் வரவில்லை. கடிகாரங்களை இணைக்கும் விதியில் இடம்பெறும் வேகம் ஒன்றே ஒன்றுதான்.

கணக்கிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சார்பியல் சரி, ஒளியை மிஞ்சிய செய்தி சாத்தியம், காரணம் எப்போதும் காரியத்துக்கு முந்தும் என்ற மூன்று கூற்றுகளில் ஏதேனும் இரண்டை வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் சேர்த்து வைக்க முடியாது. நான்காம் படியில், ‘கலத்திலுள்ள கருவி மட்டும் வேறு மாதிரி இயங்கும்’ என்று வைத்தால் முரண் மறையும். ஆனால் அப்போது பிரபஞ்சத்தில் யாரோ ஒருவருக்கு மட்டும் சிறப்பான குறிப்பாயம் (இடத்தையும் நேரத்தையும் அளக்கும் சட்டகம்) உண்டு என்று ஏற்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடிய சோதனைகள் அனைத்தும் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன.

முத்தோரையில் விழும் மியூவான்கள்

கடிகாரங்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது காகிதக் கணக்கு மட்டும்தானா? உதகைக்கு அருகே முத்தோரைப் பக்கம், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள் காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் மோதிச் சிதறும்போது மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான, விரைவில் சிதையும் துகள்கள்) பிறக்கின்றன. அவற்றை எண்ணுவதற்காக அங்கே 560 சதுர மீட்டர் பரப்பில் ஓர் உணர்விக்கூடம் அமைக்கப்பட்டுள்ளது.

அசையாமல் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியேகூட 660 மீட்டர்தான் போகும். மியூவான் பிறப்பதோ மலைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே. 13 கிலோமீட்டர் இறங்க வேண்டிய ஒரு மியூவானை எடுத்துக்கொள்வோம். அது இருபது ஆயுட்காலப் பயணம். கால விரிவு (வேகமாகச் செல்லும் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவது) என்று ஒன்று இல்லாவிட்டால் ஏறத்தாழ ஐம்பது கோடியில் ஒன்றுதான் மலையை எட்டும். ஒளிவேகத்தை மிக நெருங்கி, நம் கடிகாரத்தில் அதன் ஆயுள் இருபது மடங்கு நீண்டால், வழியில் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மூன்றில் ஒன்றுக்கும் மேல் எட்டிவிடும். உணர்விகளில் இரவும் பகலும் ஓயாமல் பதிவாகும் மியூவான்கள் எந்தக் கணக்கு சரி என்பதைச் சொல்லிவிடுகின்றன. மியூவானின் பார்வையில் அதன் ஆயுள் நீளவில்லை. காற்றுமண்டலம்தான் 650 மீட்டராகச் சுருங்கிவிட்டது. கால அளவிலும் தூர அளவிலும் இருவரும் வேறுபட்டாலும், முதலில் பிறந்தது, பிறகு உணர்வியில் விழுந்தது என்ற வரிசையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதே வளாகத்தில், 8 மீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 400 உணர்விகள் திறந்தவெளியில் நிற்கின்றன. துகள்களின் பொழிவு மெல்லிய தட்டைப்போல் ஒளிவேகத்தில் இறங்குகிறது. நேர்மேலிருந்து இறங்கினால் அருகருகே உள்ள உணர்விகள் ஒருசேரத் துடிக்கும். சாய்வாக இறங்கினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் துடிக்கும். 8 மீட்டரைக் கடக்க ஒளிக்கு 27 நானோ விநாடி ஆவதால், இரண்டு அடுத்தடுத்த உணர்விகளுக்கு இடையிலான தாமதம் அதற்குமேல் போகாது. அந்தச் சில நானோ விநாடி வேறுபாடுகளிலிருந்துதான் துகள் வானத்தின் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கிறார்கள். அந்த ஆய்வர்களுக்கு இந்த வேகவரம்பு அன்றாடம் கையில் பிடிக்கும் அளவுகோல்.

மிஞ்சியதுபோல் தோன்றுபவை

ஒளியை மிஞ்சுவதாகச் சொல்லப்படுபவற்றில் சில உண்மையிலேயே மிஞ்சுகின்றன. ஆனால் அவை எதையும் எடுத்துச் செல்வதில்லை. உதகையில் நின்று நிலவின் மேல் லேசர் ஒன்றைப் பாய்ச்சி, 3,474 கிலோமீட்டர் விட்டத்தை நூறில் ஒரு விநாடியில் கடக்குமாறு மணிக்கட்டைத் திருப்பினால், நிலவில் விழும் ஒளிப்புள்ளி விநாடிக்கு 3.47 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நிலவின் ஒரு கரையில் நிற்பவர் மறுகரைக்கு அந்தப் புள்ளியிடம் எந்தச் சேதியும் கொடுத்தனுப்ப முடியாது. ஒவ்வொரு கணத்துப் புள்ளியும் உதகையிலிருந்து தனித்தனியே புறப்பட்ட ஒளி. சீசிய ஆவிச் சோதனையும் இந்த வகைதான்: துடிப்பின் உச்சி முந்தியது, துடிப்பின் தொடக்க விளிம்பு முந்தவில்லை. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஒளியை மிஞ்சி விலகுவது விண்வெளி தானே விரிவதால். அவை அந்த விண்வெளிக்குள் ஓடிப் பந்தயத்தில் ஒளியை முந்தவில்லை.

குவாசர்கள் (மிகத் தொலைவில் பளிச்சிடும் விண்மீன் மண்டல மையங்கள்) வீசும் பொருள்தாரைகள் வேறு வகை. அங்கே மிஞ்சுவதே தோற்றம்தான். 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு எழுந்த ரேடியோ தொலைநோக்கி, நிலவு மறைக்கும் கணத்தைக் கொண்டு தொலைதூர ரேடியோ மூலங்களின் அளவை அறிந்துகொண்டிருந்த அதே காலத்தில், வேறிடங்களில் சில குவாசர்களுக்குள் பொருள்கள் ஒளியைப்போல் பல மடங்கு வேகத்தில் விலகுவதாக அளவீடுகள் வந்தன. விளக்கம் வடிவியலில் இருந்தது. ஒரு வாயுத்திரள் ஒளிவேகத்தில் 98 விழுக்காட்டில், நம் பார்வைக் கோட்டுக்கு 11 பாகை அளவு விலகி, ஏறத்தாழ நம்மை நோக்கியே பத்தாண்டு வருகிறது எனலாம். (தொலைநோக்கி படுத்திருக்கும் சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகைதான்; அது அந்த இடத்தின் அட்சரேகையை ஒட்டித் தேர்ந்தது, குவாசருக்கும் அதற்கும் காரண காரியம் எதுவும் இல்லை.) அது தன் ஒளியைத் துரத்திக்கொண்டே வருவதால், பத்தாண்டுப் பயணம் நமக்கு ஐந்து மாதத்துக்குள் நடந்து முடிந்ததாகத் தெரியும். அதற்குள் அது பக்கவாட்டில் கிட்டத்தட்ட இரண்டு ஒளியாண்டு நகர்ந்திருக்கும். வகுத்துப் பார்த்தால் ஒளியைப்போல் ஐந்து மடங்கு.

நியூட்ரினோச் செய்தி மட்டும் உண்மையாக இருந்திருந்தால் காரணத்தின் அந்த எல்லைக்கோட்டை உடைத்திருக்கும். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற சோதனையின் குழுவினர், ஜெனீவா அருகேயுள்ள செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள உணர்விக்கு வந்த நியூட்ரினோக்கள் 60 நானோ விநாடி முந்தி வந்ததாக அறிவித்தார்கள். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு. பலருக்கு அப்போதே ஐயம் எழக் காரணம் 1987-இல் அருகிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் வெடித்த மீயொளிர் விண்மீன். அது 1.68 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. நியூட்ரினோக்கள் அதே விகிதத்தில் வேகமாக வந்திருந்தால் ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். வந்ததோ சில மணி நேரம் முன்பு. அதுவும் வெடித்த விண்மீனின் மேலடுக்குகளைக் கிழித்துக்கொண்டு வெளிவர ஒளிக்குப் பிடித்த நேரம். 2012-இல் தவறு வெளிப்பட்டது: கடிகாரத்துக்கு நேரக்குறியைக் கொண்டுவந்த ஒளியிழைக் கம்பி சரியாகச் செருகப்படாமல் இருந்தது.

பிணைந்த துகள்களும் ஒரு தொலைபேசி அழைப்பும்

ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்த சோதனைகள் இவை அனைத்தையும்விட நுட்பமானவை. பிணைந்த இரண்டு ஒளித்துகள்களில் ஒன்றை உதகைக்கும் மற்றதைக் கொடைக்கானலுக்கும் அனுப்பி, மூன்றாம் வகையில் விழும்படி ஒரே நேரத்தில் அளந்தால், முடிவுகளுக்கு இடையே ஒரு பொருத்தம் இருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளால் விளக்க முடியாத அளவுக்கு அது வலுவான பொருத்தம். ஒன்று மற்றதற்குச் சேதி சொல்லிவிட்டது என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் உதகையில் இருப்பவர் தன் அளவீட்டின் விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. கருவியை எந்தக் கோணத்தில் வைத்து அளப்பது என்பதை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். அவர் எதைத் தேர்ந்தாலும் கொடைக்கானலில் இருப்பவருக்குக் கிடைப்பது காசு சுண்டியதைப்போன்ற பூவும் தலையுமான ஒரு பட்டியல். அதன் விகிதங்களில் எந்த மாற்றமும் இருக்காது. உதகையில் அளந்தார்களா, அளக்காமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார்களா என்பதைக்கூட அந்தப் பட்டியலிலிருந்து அவரால் சொல்ல முடியாது. பொருத்தம் தெரிய வேண்டுமானால் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தாக வேண்டும். அதற்கு ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். இழையோ சாலையை ஒட்டி மலையிறங்கி, சமவெளி கடந்து, மறுபடி மலையேற வேண்டும். அந்த அழைப்பின் முதல் ஓசை கொடைக்கானலை அடையும்போது ஒரு மில்லி விநாடிக்கும் மேல் கடந்திருக்கும்.